ராஜினாமாவுக்கு முன்னால் ஒரு மருத்துவச் சான்று: மனச்சோர்வும் ஒரகடம் வேலையும்

இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மொத்தம் 34. காசநோய், புற்றுநோய், பக்கவாதம், இதய நோய் என்று போகும் அந்த வரிசையில் மனநோய்க்கும் இடம் உண்டு. மனச்சிதைவு, இருமுனை நோய், மறதி நோய் இவற்றோடு மனச்சோர்வும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்தம் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பிரசவம், விபத்து, ஆபரேஷன், அதுக்குத்தானே இ.எஸ்.ஐ. என்பார்கள்.

நான் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். மருத்துவனும் இல்லை, வக்கீலும் இல்லை. 38 வயதில் எனக்கே மனச்சோர்வு வந்து, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போனவன். அப்போது தேடிப் படித்ததும் பிறகு சேர்த்ததும்தான் இந்தக் குறிப்பு. சட்ட விவரங்கள் 2025 நடுவில் இருந்த நிலவரம்.

‘ஆள் நின்னுட்டான்’

மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டே இருப்பவரை நினைத்துக்கொள்கிறோம். லைனில் அது அப்படித் தெரியாது. பஸ்ஸைத் தவறவிடுவார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ‘உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்பார். எனக்கு ஒரே லாக் ஃபைலை நாலு தடவை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. மருத்துவர்கள் பார்ப்பது ஒன்பது அறிகுறிகள்: தொடர்ந்த சோகம், எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கோளாறு, பசி மாற்றம், அசதி, கவனக் குறைவு, குற்ற உணர்வு, உடல் மந்தமாவது அல்லது பதற்றமாவது, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் ஐந்தாவது, முதல் இரண்டில் ஒன்றாவது அதில் சேர்ந்து, இரண்டு வாரம் விடாமல் இருந்தால் மனச்சோர்வு என்று கணிக்கிறார்கள்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வருகிறது. மனச்சோர்வு உள்ளிட்ட பரவலான மனநலக் குறைபாடு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. இந்தத் தொழில் பட்டையில் அந்த 85 சதவீதத்துக்கு ஒரு பேச்சுவழக்குப் பெயர் இருக்கிறது: ‘ஆள் நின்னுட்டான்.’ நாலு நாள் வரவில்லை, போன் எடுக்கவில்லை, ஊருக்குப் போய்விட்டான், அவ்வளவுதான். நோய் அங்கே பதிவாவதே இல்லை.

ஷிப்டும் ஹாஸ்டலும்

வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட், உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைக் குழப்புகிறது. தூக்கம் கெட்டால் மனச்சோர்வு கூடும், மனச்சோர்வு கூடினால் தூக்கம் இன்னும் கெடும். இன்னொன்று தனிமை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். பாதுகாப்பான இடம், நல்ல விஷயம். ஆனால் ஒரே அறையில் இருப்பவர்கள் வெவ்வேறு ஷிப்டில் போனால், ஒருத்தி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனிக்க ஆள் இருக்காது. வீட்டில் இருந்திருந்தால் அம்மா முதல் நாளே கேட்டிருப்பார்.

காசு விஷயம்

சரி, பயத்துக்கு வருவோம். ‘லீவு போட்டா சம்பளம் போகும், வேலையும் போகும்.’

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தரும் எந்த நோய்க்கும், மனச்சோர்வு உட்பட, ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். மாதம் 18,000 வாங்குபவருக்குத் தோராயமாக நாளுக்கு 420 ரூபாய். நோய் கடுமையாகி அந்த 34 பட்டியலில் சேர்கிறது என்று மருத்துவர் முடிவு செய்தால், இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருப்பவருக்கு நீட்டித்த உதவி உண்டு. அது 80 சதவீதம், நாளுக்கு சுமார் 480 ரூபாய். எல்லா மனச்சோர்வும் இந்த இரண்டாவது வகையில் வராது. முதல் வகைக்குச் சான்று போதும்.

முக்கியமானது இன்னொன்று. 2025 நடுவில் நடப்பில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73வது பிரிவு, இந்த உதவி பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. சொல்லாமல் ஊருக்குப் போனவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அதே நோய், அதே நாட்கள், வித்தியாசம் ஒரு சான்றிதழ்.

இ.எஸ்.ஐ.க்கு மேலே சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதன் 21வது பிரிவு. நடைமுறையில் பல பாலிசிகள் உள்நோயாளிச் செலவை மட்டுமே தருகின்றன. கையெழுத்துப் போடும் முன் வெளிநோயாளிச் செலவு பற்றிக் கேளுங்கள். அதே சட்டத்தின் 23வது பிரிவு, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. சூப்பர்வைசரிடம் ‘உடம்பு சரியில்லை, சிகிச்சையில் இருக்கிறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே

மாத்திரை வேலை காட்ட 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டல், தூக்கக் கலக்கம் முதலில் வந்துவிடும், பலன் பிறகுதான் வரும். பலர் பத்தாம் நாளில் விட்டுவிடுவது இதனால்தான். பிரஸ், ஃபோர்க்லிஃப்ட் மாதிரி இயந்திரத்தில் வேலை என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மருந்தும் நேரமும் அதற்கேற்ப மாறும். கொஞ்ச நாளைக்கு நைட் ஷிப்ட் வேண்டாம் என்று எழுதித் தரவும் கேட்கலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும். நாமாகவே நிறுத்தக் கூடாது.

பேச்சு சிகிச்சைக்குப் பெரிய நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை. கோவா ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் 6 முதல் 8 அமர்வுகளில் கடுமையான மனச்சோர்வையும் குறைத்துக் காட்டினார்கள். அதன் அடிப்படை எளிது: மனசு சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றை நேரம் குறித்துச் செய்வது. குளிப்பது, பத்து நிமிட நடை, ஒருவருக்குப் போன். செயல் முதலில், மனநிலை பின்னால். வேலைக்குப் போவதே எனக்கு அப்படி ஒரு நேரம் குறித்த செயலாக இருந்தது. ஆனால் அது முடியாத கட்டம் வந்தால் லீவுதான் சிகிச்சை.

சாவு பற்றிய நினைப்பு வந்தால் மட்டும் அடுத்த லீவு நாள் வரை தள்ளாதீர்கள். 14416 இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அல்லது அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மனச்சோர்வில் இருக்கும் மூளை, ‘நீ லாயக்கில்லை, வேலையை விடு’ என்றுதான் முதலில் சொல்லும். அது நோயின் குரல். விட வேண்டிய வேலையாகவே அது இருக்கலாம்; குணமான பிறகு யோசித்து விடுங்கள். அதுவரை எழுத வேண்டியது ராஜினாமா கடிதம் இல்லை, லீவு லெட்டர்.