தக்ஃபீர்: ஒரு தீர்ப்பு ஆயுதமான கதை

மதத் தீவிரவாதம்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு பதில் தயாரா இருக்கும். "எல்லாம் அவங்க வேதத்துலயே இருக்கு" என்பது ஒன்று. "மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் அரசியல்" என்பது இன்னொன்று. எகிப்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இரண்டுமே பாதிக் கதைதான் என்று எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு சொல்: தக்ஃபீர். தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரை "நீ முஸ்லிமே இல்லை" என்று அறிவிப்பது. இது வெறும் வசவு இல்லை. சக முஸ்லிமைக் கொல்வது இஸ்லாத்தில் பெரும்பாவம். அந்தத் தடையைத் தாண்ட நினைக்கிறவனுக்கு முதலில் இந்த அறிவிப்புதான் தேவைப்படுகிறது.

இது பழைய வழக்கம்தான். 657-ல் ஸிஃப்பீன் போரில் கலீஃபா அலீ சமரசப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டார். தீர்ப்பு இறைவனுக்கே உரியது, அதை மனிதர்களிடம் விட்டது குற்றம் என்று அவர் படையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்தது. இவர்கள்தான் காரிஜிகள். 661-ல் அலீயைக் கொன்றவன் அவர்களில் ஒருவன். பிறகு 1300 வாக்கில், இஸ்லாத்தை ஏற்ற மங்கோலியர்கள் சிரியா மீது படையெடுத்தார்கள். அவர்கள் இன்னும் செங்கிஸ்கான் சட்டத்தின்படி ஆள்கிறவர்கள், அதனால் எதிர்த்துப் போரிடலாம் என்று ஃபத்வா கொடுத்தார் இப்னு தைமிய்யா.

சரி, இது எப்படி இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தது? சிறை வழியாக.

1954-ல் அப்போதைய எகிப்து பிரதமர் நாசரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதன் பிறகு முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பினர் கூட்டம் கூட்டமாகச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். சித்திரவதை சாதாரணம். 1957-ல் துரா சிறையில் 21 கைதிகள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சிறையில் இருந்தவர் எழுத்தாளர் சையித் குத்ப். இறைவனின் சட்டப்படி வாழாத சமூகம் எல்லாமே, முஸ்லிம் பெயர் தாங்கியவை உட்பட, இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் காலத்தில்தான் இருக்கின்றன என்று எழுதினார். அவருடைய 'மைல்கற்கள்' 1964-ல் வந்தது. 1966-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

'இப்படி அடிக்கிறவன் எப்படி முஸ்லிமாக இருக்க முடியும்?' என்று கைதிகளுக்குள் எழுந்த கேள்விக்கு அந்த எழுத்து பதில் மாதிரி இருந்தது. 1965-ல் பிடிபட்ட இளைஞன் ஷுக்ரி முஸ்தஃபா அதை எல்லை வரை கொண்டுபோனான்: என் குழுவில் சேராதவன் முஸ்லிமே இல்லை. 1977-ல் அவன் குழு கடத்திக் கொன்றது யாரை? குர்ஆன் விரிவுரைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய மார்க்க அறிஞர், முன்னாள் அமைச்சர் முஹம்மத் அத்தஹபியை. 1981-ல் அதிபர் சாதத்தைக் கொன்ற குழுவின் சித்தாந்தி ஃபரஜோ, மங்கோலியர்களுக்கு எதிரான அதே பழைய ஃபத்வாவை எடுத்து எகிப்து ஆட்சியாளர்கள் மீது பொருத்தினான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாகணும். சகோதரத்துவத் தலைவர் ஹசன் அல்ஹுதைபியும் அதே நாசரின் சிறையில்தான் இருந்தார். 'நாங்கள் அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்லர்' என்ற நூல் 1969-ல் அவர் பெயரில் அங்கே உருவானது. கலிமா சொன்ன ஒருவரின் ஈமானுக்குத் தீர்ப்பு எழுத நமக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம்.

அதே மதம், அதே சிறை. ஒருவன் கொலைக்குப் போனான், இன்னொருவர் மறுப்பு எழுதினார். அதனால் வேதத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது, கருத்துக்குப் பங்கே இல்லை என்று விடவும் முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: பழைய ஏடுகளில் கிடந்த ஒரு தீர்ப்புக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது அரசின் சவுக்கு. அதற்கு முதலில் பலியானவர்களில் மார்க்கம் படித்த முஸ்லிமே இருந்தார்.