எண்ணும் அரசும் விடை கேட்கும் மக்களும்: மன்னார்க் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

குடிமக்கள் அனைவரையும் அரசு கண்காணித்தல் என்பது கணினி யுகத்தின் விளைவாகவே இன்று பெரிதும் பேசப்படுகின்றது. கருவி புதிது என்பதில் ஐயமில்லை. ஆயின், யார் யாரைக் கண்காணிக்கின்றனர், எவருடைய நலனுக்காக என்று வினவுமிடத்து, இந்நடைமுறைக்கு நீண்ட வரலாறு உண்டென்பது புலப்படும். மன்னார்த் தீவும் அதனையடுத்த கரையோரமும் அவ்வரலாற்றைத் தெளிவுறக் காட்டுவன.

அரிப்புக் கடற்கரையில் சிதைந்து கிடக்கும் மாளிகை, பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் (1798–1805) காலத்தில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும்பொருட்டுக் கட்டப்பட்டது. பின்னர் பெருந்தோட்டங்கள் எழுந்தபோது, தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார் வழியாகவே மலையகத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அவர்களை அழைத்துச் சென்ற ‘கங்காணி’யின் பெயரே ‘கண்காணி’ என்பதன் திரிபாகும். கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி தோட்டம் மாற இயலாதவாறு பிணித்த ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. இவ்விரண்டு நிலைமைகளிலும் கண்காணிப்பின் இலக்கு குற்றமன்று; உழைப்பும் அதன் பயனுமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

சுதந்திர இலங்கையில் இதற்குத் தேசியப் பாதுகாப்பு என்னும் விளக்கம் கிடைத்தது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தைத் தொடர்ந்து அடையாள அட்டை வந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1984இல் வடகடலிலே கண்காணிப்பு வலயம் பிரகடனப்படுத்தப்பட்டது. போர்க்காலத்தில் மன்னார் மீனவர் ‘பாஸ்’ பெற்றே கடலுக்குச் செல்ல வேண்டியிருந்தது. கடலிலே தொழில் செய்தல் உரிமை என்ற நிலை மாறி, படையினர் வழங்கும் சலுகையாயிற்று. பாஸ் மறுக்கப்படும் நாளில் அடுப்பு எரியாது என்னும் அச்சமே மக்களை வாய்மூடச் செய்யப் போதுமானதாகும். விடுதலைப் புலிகளும் தமது ஆளுகையிலிருந்த வன்னியை விட்டு வெளியேறுவோருக்கு அனுமதி முறையொன்றை விதித்திருந்தனர். எனவே, அதிகாரம் எவர் கையில் இருப்பினும் இவ்வபாயம் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வளவு நுணுக்கமாக எண்ணப்பட்ட மக்கள் குறித்து அரசு பொறுப்புக் கூறியதா? 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இவ்வினாவையே எழுப்பினார். கச்சேரிகளின் கணக்குப்படி 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 யூலையளவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர், ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குப்படி, 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கும் நேர்ந்தது யாது என்று அவர் விளக்கம் கோரினார்; அவர்கள் அனைவரும் கொல்லப்பட்டனர் என்று அவர் முடிபு கூறவில்லை. கச்சேரி அரசின் அலுவலகம். அதன் எண் அரசின் எண். ஆயினும், 2012இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் ஆயரையே விசாரித்தனர்.

வெகுசனக் கண்காணிப்பின் அறவியற் சிக்கல் இங்குதான் உள்ளது. ஒழுங்காகப் பேணப்படும் பதிவு, பங்கீட்டு உணவுக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுவது. ஆகவே எண்ணுதலை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. ஆனால், இங்கே பார்வை ஒருவழிப்பட்டது. மக்களை விசாரிப்பதற்குப் பதிவேடு திறக்கின்றது; மக்கள் விசாரிக்க முற்படும்போது அது மூடிக்கொள்கின்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் புலனாய்வாளரின் கண்காணிப்புக்கு உள்ளாவதை ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகத்தின் அறிக்கைகளும் சுட்டியுள்ளன. மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் அஞ்ச வேண்டியதில்லை என்னும் வாதம் இவ்விடத்து வலுவிழக்கின்றது. மகனைத் தேடும் தாய் எதனையும் மறைக்கவில்லை. அவளுக்குரிய விடையே மறைக்கப்படுகின்றது.

கைரேகை, முகப்பதிவு ஆகியவற்றோடு கூடிய எண்மிய அடையாளத் திட்டத்துக்கு இலங்கை 2022இல் இந்தியாவுடன் உடன்பாடு செய்துகொண்டது. அதே ஆண்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. இவற்றை மதிப்பிடுவதற்குத் தொழில்நுட்பத்தின் திறன் அளவுகோலாகாது. பதியப்பட்டவர் தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், அதனை முன்வைத்து அரசை வினவவும், வினவியதற்காகத் தண்டிக்கப்படாதிருக்கவும் இயலுமா என்பதே அளவுகோல். அவ்வளவுகோலை நமக்குத் தந்தது மன்னார்க் கரையோர மக்களின் அனுபவமாகும்.