உஷார்! பெயிண்ட் வரவில்லையா? ஊசியைத் தொடாதீர்கள்!

ஏர்பிரஷ் பழக ஆரம்பித்திருக்கிறீர்களா? கிட் வந்து இறங்கியாச்சு, கம்ப்ரசரைப் போட்டாச்சு, கப்பில் பெயிண்டும் ஊற்றியாச்சு. ட்ரிக்கரை அழுத்திப் பின்னால் இழுத்தால் காற்று மட்டும் புஸ்ஸென்று வருகிறது, பெயிண்டைக் காணோம். அல்லது வருகிறது, ஆனால் பொட்டுப் பொட்டாகத் துப்புகிறது. உஷாராக வேண்டியது இந்த நிமிடத்தில்தான்.

ஏனென்றால் இப்போது பெரும்பாலானவர்களின் கை போகும் இடங்கள் மூன்று. ரெகுலேட்டரைத் திருகிக் காற்றைக் கூட்டுவார்கள். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு தின்னரைக் கப்பில் கவிழ்ப்பார்கள். அப்படியும் வராவிட்டால், முன்பக்கத்தைக் கழற்றி நாசிலுக்குள் தையல் ஊசியை விட்டுக் குத்துவார்கள். முதல் வைத்தியம் படத்தைக் கெடுக்கும். மூன்றாவது கருவியைக் கெடுக்கும். நடுவில் இருக்கிறதே, அது ஆளையே கெடுக்கும்.

குத்துகிற விஷயத்தை முதலில் பார்ப்போம், அதுதான் உடனடிச் செலவு. பழகுகிறவர்களுக்கு வரும் கன்களில் நாசில் துளை பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர், 0.2-உம் உண்டு, 0.5-உம் உண்டு. அந்தத் துளையின் விளிம்பும் ஊசியின் முனையும் பிசிறில்லாமல் பொருந்தினால்தான் மெல்லிய கோடு வரும். தையல் ஊசியை விட்டு ஒரு குத்து குத்தினால் விளிம்பு விரிந்துவிடும். அப்புறம் என்ன பெயிண்ட் ஊற்றினாலும் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வரும், கப்பில் காற்றுக் குமிழி கிளம்பும். மரை போட்ட சின்ன நாசில்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. ‘நல்லா டைட்டா இருக்கட்டும்’ என்று ஸ்பேனரைக் கொஞ்சம் அழுத்தித் திருகினால் கழுத்தோடு முறிந்து, பாதி மரை கன்னுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். விரலுக்குத் தட்டுப்படும் அளவு இறுக்கினால் போதும், அதற்குமேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

சரி, அப்படியானால் கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதையும் கழற்றாதீர்கள். பெயிண்டைக் கொட்டிவிட்டு, கப்பைக் கழுவி, வெறும் தண்ணீரை ஊற்றிப் பழைய செய்தித்தாளில் அடித்துப் பாருங்கள். தண்ணீர் சீராக, புகை மாதிரி வருகிறதா? கன்மேல் குற்றமில்லை, பெயிண்ட் சரியில்லை. அவ்வளவுதான் விசாரணை. தண்ணீரே சீராக வராவிட்டாலோ, கப்பில் குமிழி வந்தாலோதான் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். முன்மூடி தளர்ந்திருக்கலாம், நாசில் சரியாக உட்காராமல் இருக்கலாம், கீறல் விட்டிருக்கலாம், முனையில் காய்ந்த பெயிண்ட் அடைத்திருக்கலாம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல் நல்ல கன்னைப் பிரித்துப்போட்டுக் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

பெயிண்டில் என்ன தவறு நடக்கும்? முக்கால்வாசி நேரம் கெட்டியாக இருப்பதுதான். பாட்டிலில் வருவது பிரஷ்ஷால் பூசுவதற்கான பதம். ஏர்பிரஷ்ஷுக்குப் பால் பதம் வேண்டும். கலக்கிய பெயிண்டை ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் சுவரில் ஏற்றி விடுங்கள். மெல்லிய படலத்தை விட்டுவிட்டு வழவழவென்று கீழே இறங்கினால் சரி. திட்டாக நின்றால் கெட்டி. சுவரில் நிறமே ஒட்டாமல் ஓடிவிட்டால் நீர்த்துப் போயிற்று. பாதிக்குப் பாதி என்று ஆரம்பித்து, பதம் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ‘ஏர்பிரஷ்ஷுக்கென்றே தயாரானது’ என்று லேபிளில் போட்டிருந்தாலும் நம் ஊர் வெயிலுக்கு இரண்டு சொட்டு தின்னர் கேட்கும். கப்புக்குள் கலக்கவே கலக்காதீர்கள். அடியில் தங்கும் கெட்டிப் பெயிண்ட் நேராக நாசிலுக்குத்தான் இறங்கும். தனிக் கிண்ணத்தில் கலக்கி, மெல்லிய நைலான் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். பாட்டில் கழுத்தில் காய்ந்து தொங்கும் தோல் ஒரு துணுக்கு விழுந்தால் போதும், 0.3 துளையை அடைத்துவிடும்.

வெள்ளையை வைத்துப் பழக ஆரம்பிக்காதீர்கள். அதிலுள்ள டைட்டானியம் டையாக்சைடு கனமான தூள். அடியில் படியும், முனையில் அப்பும். கறுப்பு மசியில் நான்கு நாள் கோடு போட்டுக் கை பழகிய பிறகு வெள்ளைக்கு வரலாம்.

இப்போது நடு வைத்தியம், தின்னர். ‘அக்ரிலிக்’ என்று இரண்டு பாட்டிலில் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறோம். இல்லை. மாடல் பொம்மைக்காரர்கள் அதிகம் வாங்கும் டாமியா அக்ரிலிக் ஆல்கஹாலோடு சுமுகமாகக் கலக்கும். வயேஹோ மாடல் கலர் தண்ணீரை நம்பியது. அதில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலையோ டாமியா தின்னரையோ ஊற்றினால் கண்ணெதிரே திரிந்து கொழகொழவென்று ஆகிவிடும். அது கன்னுக்குள் நடந்தால் என்ன கதி என்று நினைத்துப் பாருங்கள். அதனால் புதிய பெயிண்ட், புதிய தின்னர் எதுவாக இருந்தாலும் கிண்ணத்தில் இரண்டு சொட்டு கலந்து ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்த பிறகுதான் கப்பில் ஊற்ற வேண்டும். கழுவுவதற்கும் இதே கட்டுப்பாடு. முன்பு அடித்த பெயிண்டின் மிச்சமும் புதிதாக ஊற்றிய கழுவு திரவமும் சண்டை போட்டால் உள்ளே பிசின்தான் மிஞ்சும்.

‘தண்ணீரில் கரைகிற பெயிண்ட்தானே, தண்ணீரே ஊற்றிக்கொள்கிறேன்’ என்பவர்களும் கவனிக்க வேண்டும். கொஞ்சம் ஊற்றலாம். அளவு மீறினால் பெயிண்டைப் பிடித்து வைக்கும் பிசின் நீர்த்துப்போய், காய்ந்ததும் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மலிவாகக் கிடைக்கிறது. பேட்டரிக் கடையில் ஆசிட்டும் அதே மாதிரி கேனில் இருக்கும், லேபிளை இரண்டு முறை படித்து வாங்குங்கள்.

நன்றாக வந்துகொண்டே இருந்து, திடீரென்று நின்று, அப்புறம் ஒரு கட்டியாகத் துப்புகிறதா? ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்துவிட்டது. சித்திரை, வைகாசியில் இது நிமிடத்துக்கு ஒரு தரம் நடக்கும். கழுவு திரவத்தில் நனைத்த பிரஷ்ஷால் முனையை ஒரு தடவு தடவினால் போதும். காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சில சொட்டு சேர்க்கலாம். பாட்டிலைச் சாய்த்துவிடாதீர்கள், அதிகமானால் இரண்டு நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. ட்ரிக்கர் பழக்கமும் இதில் அடங்கியிருக்கிறது. காற்று முதலில், பெயிண்ட் பிறகு. நிறுத்தும்போது பெயிண்ட் முதலில் நிற்க வேண்டும், காற்று கடைசியில்.

காற்றைக் கூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 15 முதல் 25 பிஎஸ்ஐ போதும். கெட்டிப் பெயிண்டைக் காற்றால் தள்ளப் பார்த்தால், துளிகள் பரப்பில் விழுவதற்கு முன்பே காய்ந்து மணல் மாதிரி சொரசொரக்கும். நீர்த்த பெயிண்டுக்கு அதே காற்றை வைத்தால் சிலந்திக்கால் மாதிரி நாலாபக்கமும் ஓடும். எந்தத் தூரத்தில் பிடிக்கிறீர்கள் என்பதும் இதில் சேரும். மணல் விழுந்தால் கிட்டே வாருங்கள், கால் முளைத்தால் தள்ளிப் போங்கள்.

பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கம்ப்ரசரைக் கழற்றி, காலி கேஸ் சிலிண்டரையோ தீயணைப்பான் சிலிண்டரையோ டேங்க்காக மாட்டிக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் உண்டு. சத்தம் வராது, செலவு குறைவு, எல்லாம் சரி. தானாக நிற்கும் பிரஷர் சுவிட்சும் சேஃப்டி வால்வும் இல்லாமல் அதை ஓட விட்டால், அறைக்குள் வெடிகுண்டை வைத்துக்கொண்டு படம் வரைவதாகத்தான் அர்த்தம். பெயிண்டிலும் அது தன் வேலையைக் காட்டும். அந்தக் கம்ப்ரசரின் எண்ணெய் காற்றோடு வந்து பரப்பில் படிந்தால், பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகிப் போகும். ‘மீன்கண்’ விழுந்த பரப்பைத் துடைத்துத் துடைத்து மறுபடி அடிப்பார்கள். எண்ணெய் வருகிற வழியைப் பார்க்கமாட்டார்கள். தலைக்குத் தேய்த்த எண்ணெய் கையோடு வந்தாலும் இதே கதைதான்.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர்த் தொல்லை தனி. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் குழாயில் நீராகச் சேரும். படம் முடியும் நேரம் பார்த்து ஒரு சொட்டு துப்பும். வாட்டர் டிராப் கட்டாயம் வேண்டும், டேங்க்கின் அடியிலிருக்கும் திருகைத் திறந்து தினமும் வடித்துவிட வேண்டும். லாக்கர் அடிப்பவர்கள் மழை நாளில் கன்னையே எடுக்காமல் இருப்பது நல்லது. தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்ததும் ஈரம் அதில் இறங்கி வெள்ளை பூத்துவிடும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது காசு நஷ்டம். இனி வருவது மூச்சு.

‘வாட்டர் பேஸ்டு, அதனால் மாஸ்க் வேண்டாம்’ என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். நம்பாதீர்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், நிறத்தூளும் பிசினும் மிகச் சிறிய துளிகளாக உங்கள் மூக்குக்கு முன்னால் மிதக்கும். ஓவியர்கள் பயன்படுத்தும் காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள் ட்யூப்களைத் திருப்பிப் பாருங்கள். ‘ஸ்ப்ரே செய்யக் கூடாது’ என்று பல நிறுவனங்கள் லேபிளிலேயே எச்சரித்திருக்கும். பிரஷ்ஷில் எடுத்துப் பூசும்போது அடங்கிக் கிடக்கும் காட்மியம், புகையாகி உள்ளே போனால் நுரையீரலோடும் சிறுநீரகத்தோடும் விளையாடும். அந்த நிறம்தான் வேண்டுமென்றால் பெயரில் ‘ஹியூ’ என்று சேர்ந்து வரும் வகையைத் தேடுங்கள், அதில் காட்மியம் இல்லாத மாற்றுத் தூள்தான் இருக்கும்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது 2கே. பைக் டேங்க்குக்கு வரைந்துவிட்டு மேலே பளபளவென்று அடிக்கும் கிளியர் கோட்டில், ஹார்டனர் என்று தனி டின்னில் வருகிறதே, அதில் இருப்பது ஐசோசயனேட். தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பேர்போன பொருள். ஒருமுறை உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால், பிறகு துளியளவு பட்டாலே மூச்சு அடைக்கும். ஆபத்தான அளவில் இருக்கும்போதும் வாசனை காட்டிக் கொடுக்காது. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு ஒன்றுமே இல்லை. என்95 துகளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி வேண்டும், தாடி வைத்திருந்தால் அதுவும் முகத்தில் ஒட்டி உட்காராது. 2கே-க்கோ வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் சரி. வீட்டில் அதற்கெல்லாம் வழியில்லை. படத்தை நீங்கள் வரையுங்கள், கிளியர் கோட்டை பூத் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நவராத்திரிக்கு முன்னால் பழைய கொலு பொம்மைகளை எடுத்து ஏர்பிரஷ்ஷில் புதுப்பிக்கும் ஆசை நிறைய வீடுகளில் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் பாட்டி காலத்துப் பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது, அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பளபளப்பில் ஈயம் எவ்வளவு என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். தேய்த்த தூளைக் கன்னின் காற்றாலேயே ஊதித் தள்ளுவார்கள் பாருங்கள், அதைவிட மோசமான காரியம் கிடையாது. பக்கத்தில் குழந்தை வேறு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். உரிந்ததை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், மேலே ப்ரைமர் அடியுங்கள், போதும்.

தீயையும் சொல்லிவிடுகிறேன். என்.சி. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும்; ஐசோபுரொபைல் ஆல்கஹால் 12 டிகிரியில். மார்கழி விடியற்காலையில்கூட சென்னை அவ்வளவு குளிராது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்குப் போகும். அங்கே சாமி விளக்கு எரியலாம், கொசுவர்த்தி புகையலாம், ஃப்ரிட்ஜ் ‘டக்’கென்று ஓட ஆரம்பிக்கலாம். சமையலறையை ஒட்டிய அறையில் தின்னர் டின்னைத் திறக்கவே திறக்காதீர்கள்.

கடைசியாக ஹெல்மெட். ஏர்பிரஷ் பழகும் இளைஞர்கள் பொம்மையைவிட, டேங்க்கைவிட முதலில் கை வைப்பது இதில்தான். மலிவு ஹெல்மெட்களின் ஓடு பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக். லாக்கர் தின்னர் அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கும். உள்ளே அடியைத் தாங்கும் வெள்ளை தெர்மக்கோல் மெத்தையில் தின்னர் பட்டால் கரைந்தே போய்விடும். ‘பெயிண்ட், ஸ்டிக்கர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது’ என்று பல ஹெல்மெட்களின் உட்புறத்திலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும், நாம் படிப்பதில்லை. வெளியே புலி கர்ஜிக்கும், ஐஎஸ்ஐ முத்திரையும் அப்படியே இருக்கும், ஓடு மட்டும் பலம் இழந்திருக்கும். ஏற்கனவே அடித்துவிட்டவர்கள் அதை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். வண்டியில் போக இன்றைக்கே வேறு ஹெல்மெட் வாங்கிவிடுங்கள்.