மறைகுறித் தொடர்பும் பழுதாய்வும்

வலையமைப்பு வழியே செல்லும் செய்தியைப் பிறர் அறியாவண்ணம் காப்பது மறைகுறியாக்கம் ஆகும். 1995 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்து, 1999 இல் ரி.எல்.எஸ். எனப் பெயர் பெற்று, 2018 இல் 1.3 ஆம் பதிப்பை எய்திய நெறியே இன்று வங்கிக் கணக்கு முதலாய பலவற்றையும் காத்து நிற்கின்றது. ஆயின், இக்காப்புக் கள்வனுக்கு மட்டுமன்றிப் பழுது திருத்த வருபவனுக்கும் கதவை அடைத்துவிடுகின்றது. தொடர்பு முறிந்தவிடத்து, உள்ளிருப்பதைக் காணாமலே காரணத்தை உய்த்துணர வேண்டியதாகின்றது. அதற்கு வேண்டிய தகவல்களை முறையாகத் திரட்டுதல் இன்றியமையாதது.

செய்தி செல்லுமுன் இரு கணினிகளும் 'கைகுலுக்கல்' எனப்படும் உடன்பாட்டைச் செய்துகொள்கின்றன. தொடர்பை நாடும் கணினி தான் அறிந்த பதிப்புக்களையும் மறைமுறைகளையும் கூறும். சேவையகம் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, தன்னை இன்னாரென நிறுவும் சான்றிதழை அளிக்கும். அச்சான்றிதழுக்கு வேறொன்றும், அதற்கு மற்றொன்றும் பிணையாக நிற்கும். இச்சங்கிலியின் முடிவில் நிற்பது, கணினி முன்னரே நம்பி வைத்திருக்கும் வேர்ச் சான்றிதழ். பழுதுகளிற் பல இவ்வுடன்பாட்டின்போதே நிகழ்வன.

ஆதலின், முதற்கண் திரட்டற்பாலன இவை: பிழைச் செய்தியின் சொற்கள், சிறிதும் மாறாமல், பிழை நேர்ந்த காலம், நேர வலயத்துடன், இருபுறத்து மென்பொருள்களின் பதிப்பு, சேவையகம் அனுப்பிய சான்றிதழ்ச் சங்கிலி முழுவதும், அதே தளத்தை வேறு கணினியிலிருந்தோ வேறு வலையமைப்பிலிருந்தோ அணுகும்போது நிகழ்வது யாது என்பது. கணினியின் கடிகாரமும் நோக்கப்படல் வேண்டும். நாள் பிழைத்த கடிகாரம், செல்லுபடியாகும் சான்றிதழையும் காலாவதியானதெனத் தள்ளிவிடும்.

இத்தகைய ஒப்பீட்டின் பயனை 2021 செப்ரெம்பர் 30 ஆம் நாள் நிகழ்ச்சி நன்கு விளக்கும். 'லெற்ஸ் என்கிறிப்ற்' அமைப்பின் சான்றிதழ்களுக்குப் பிணையாயிருந்த பழைய வேர்ச் சான்றிதழொன்று அன்று காலாவதியாயிற்று. புதிய உலாவிகளில் இடரின்றித் திறந்த தளங்களை, ஓப்பின் எஸ்.எஸ்.எல். 1.0.2 என்னும் பழைய மென்பொருளையுடைய கருவிகள் ஏற்க மறுத்தன. புதிய வேர் தம்மிடம் இருந்தும், சேவையகம் அனுப்பிய சங்கிலியைப் பின்பற்றி அவை காலாவதியான வேரையே சென்றடைந்தமை காரணமாகும். அப்பழைய வேரைக் கருவியின் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்குவதே பரிகாரங்களுள் ஒன்றாயிற்று. சேவையகத்தை மட்டும் ஆராய்ந்தால் இக்காரணம் புலனாகாது. இருபுறத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினாலே புலனாகும்.

இவை போதாவிடத்து, செல்லும் பொதிகளைப் பதிவு செய்வர். 1998 இல் எதீரியல் என்னும் பெயரில் வெளிவந்து, 2006 முதல் வயர்ஷார்க் என வழங்கும் மென்பொருள் இதற்குப் பெயர்பெற்றது. எப்புறம் தொடர்பை அறுத்தது, எவ்விடத்தில் மறுமொழி நின்றது என்பன இதனாற் புலப்படும். உள்ளடக்கமோ மறைந்தே இருக்கும், 1.3 ஆம் பதிப்பிற் சான்றிதழும் மறைந்தே செல்லும். அவற்றையும் காண வேண்டின், மறைத் திறவுகோல்களைக் கோப்பொன்றில் எழுதுமாறு உலாவியைப் பணிக்கலாம். அக்கோப்பும் பொதிப் பதிவும் பிறனொருவன் கையிற் சேருமாயின், அத்தொடர்புக்குக் காப்பென ஒன்று இராது.

இவ்வச்சம் வீணானதன்று. 2023 இல் ஒக்ரா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்பினுள் அத்துமீறி நுழைந்தோருக்கு, 134 வாடிக்கையாளர்க்குரிய கோப்புகள் கிட்டின. அவற்றுட் சில, பழுதாய்வுக்காக அனுப்பப்பட்ட உலாவிப் போக்குவரத்துப் பதிவுகள். அவற்றில் எஞ்சியிருந்த உள்நுழைவு அடையாளக் குறிகளைக் கொண்டு 5 வாடிக்கையாளரின் கணக்குகளுள் நுழைய முற்பட்டனர். அதற்கு எம்மறையையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. பழுதறியத் திரட்டிய தகவலே வாயிலாயிற்று.

ஆகவே, வேண்டிய அளவே திரட்டுதல், சோதனைக்கெனத் தனிக் கணக்கைப் பயன்படுத்துதல், அனுப்புமுன் கடவுச்சொற்களையும் அடையாளக் குறிகளையும் நீக்குதல், பணி முடிந்ததும் பதிவுகளை அழித்தல் ஆகியனவும் பழுதாய்வின் உறுப்புகளே. காரணம் அறியத் திறந்த கதவை மீண்டும் அடைத்த பின்னரே அப்பணி முற்றுப்பெற்றதாகும்.