கிராணியும் குடல் அழற்சியும்

தோட்டத்துக் கிராணியாரை அறிந்த நம் நாட்டு வாசகர் சிலருக்கு, ‘கிராணி’ என்பது ஒரு நோய்க்கும் பெயர் என்பது புதுமையாகத் தோன்றலாம். வடமொழியில் ‘கிரகணி’ என வழங்கும் சொல்லே நம் மருத்துவ வழக்கில் கிராணி எனத் திரிந்தது. பற்றி நிறுத்துவது என்பது அதன் பொருள்.

உண்ட உணவு செரிக்கும்வரை அதனைப் பற்றி நிறுத்தி, செரித்த பின் கீழே விடும் உறுப்பு ஒன்று கொப்பூழுக்கு மேலே உள்ளது. அதுவே செரிக்கும் தீயாகிய அக்கினியின் இருப்பிடம் என்று சரக சம்கிதையின் சிகிச்சைப் பகுதி 15ஆம் அதிகாரத்தில் கூறுகிறது. தீ தளர்ந்தால் அவ்வுறுப்பு கெடும். மலம் ஒருகால் இறுகியும் ஒருகால் நீர்த்தும் நெடுநாள் கழியும். இதுவே கிராணி நோய்.

இன்றைய மருத்துவம் கூறும் நாட்பட்ட குடல் அழற்சி நோய் இரு வகைப்படும். பெருங்குடலின் உட்சவ்வில் புண் உண்டாவது ஒன்று. இதனை 1859இல் ஆங்கில மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் விளக்கினார். வாய் முதல் எருவாய் வரை எங்கும் தோன்றி, குடற்சுவரை ஆழமாகத் தாக்குவது மற்றொன்று. நியூயார்க் மருத்துவர் குரோன் 1932இல் தம் தோழர் இருவருடன் இதனை எடுத்துரைத்தமையால் குரோன் நோய் எனப்பட்டது. இரண்டிலும், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது. பேராக் மாநிலக் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, இந்நோய் மலாய்க்காரர், சீனர் ஆகியோரைவிட இந்தியரிடையே மிகுதியாகத் தோன்றுவதைக் காட்டியது. ஆதலின் இது நமக்கு அயலார் செய்தியன்று.

கிராணியும் இதுவும் ஒன்றுதானா? முற்றிலும் ஒன்றல்ல. கிராணியின் குறிகளோடு குடற் காசமும் வரலாம். அமீபாச் சீதபேதியும் வரலாம். குடற் காசத்தைக் குரோன் நோய் எனக் கருதி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் காசம் பரவும். எனவே உள்நோக்கிக் கருவியால் குடலைப் பார்த்து நோயைத் தெளிதல் முதற்கடமையாகும்.

மருத்துவ முறை

ஆயுர்வேத வைத்தியர் முதலில் நாடுவது புண்ணையன்று, தீயை. எளிதில் செரிக்கும் கஞ்சி, புதிதாய்க் கடைந்த மோர் ஆகியவற்றால் செரிமானத்தைத் தூண்டுவர். மோரைக் கிராணிக்கு உற்ற உணவாகச் சரகர் போற்றுகிறார். குடசப்பாலைப் பட்டை, வில்வப் பிஞ்சு, கோரைக்கிழங்கு ஆகியவை கழிச்சலைக் கட்டும் மருந்துகள். இரத்தம் கழியும்போது முள்ளிலவின் கொழகொழப்பான சாற்றைப் பாலுடன் சேர்த்து எருவாய் வழியே செலுத்தும் ‘பிச்சாவஸ்தி’ என்னும் முறையும் உண்டு.

ஆய்வு காட்டுவது

மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் சத்தைப் பலர் ஆராய்ந்துள்ளனர். ஜப்பானில் பெருங்குடற்புண் அடங்கியிருந்த நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. வழக்கமான மருந்துடன் நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமின் உண்ட 43 பேருள், ஆறு மாதத்தில் இருவருக்கே நோய் திரும்பியது. வெற்று மருந்து உண்ட 39 பேருள் எண்மருக்குத் திரும்பியது. ஆனால் 2017இல் வெளியான டெல்லி ஆய்வில் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. ஆகவே 2 கிராம் பெற ஏறத்தாழ 65 கிராம் தூள் வேண்டும். குழம்பில் இடும் மஞ்சளால் ஆகும் காரியமன்று இது! மேலும், ஜப்பானில் குர்குமின் துணையாக நின்றதேயன்றி, வழக்கமான மருந்தின் இடத்தைப் பிடிக்கவில்லை என்பதை மறத்தலாகாது.

எச்சரிக்கை

கிராணிக்கு வழங்கும் ‘பர்ப்படி’ என்னும் மருந்து பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்து, உருக்கி, வாழையிலைமேல் ஊற்றித் தகடாக்கப்படுவது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. பாஸ்டன் நகர்ப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துப் பொருள்களுள் 14இல் காரீயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு கூறிற்று. பெயர், சேர்மானம், பதிவெண் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

இதனினும் பெரிய தீங்கு, நலம் கண்டதும் மருத்துவமனை மருந்தைத் தாமே நிறுத்துவது. இந்நோய் அடங்கும், மீண்டும் எழும். நெடுநாள் பயன்படுத்திய ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் உயிருக்கே கேடு நேரலாம். பெருங்குடல் அழற்சி பல்லாண்டு நீடித்தால் புற்றுநோய்க்கும் இடமாகும். ஆதலால் காலந்தோறும் சோதனை வேண்டும்.

மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, விடாத காய்ச்சல், இரவில் எழுப்பும் கழிச்சல் ஆகியவை கண்டால் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வைத்தியரிடமும் மருத்துவரிடமும் ஒன்றையும் மறைக்காதீர்கள். மோரும் கஞ்சியும் ஒத்துக்கொண்டால் உண்ணுங்கள். உணவில் ஒழுங்கு வேண்டும் என்று அன்று சரகர் சொன்னதும், குடலைக் கண்ணால் கண்டு மருந்து கொடுக்கும் இன்றைய முறையும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடுவதே பகை.