மலையில் ஒரு கிதார், மடியில் ஒரு ரெக்கார்டர்

இசையன்பர்கள் மறவாமல் நினைக்கத்தக்க ஆண்டு 1963. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பெர்லின் நகர வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்தார் கையடக்கமான ஒலிநாடா கேசட்டை உலகுக்குக் காட்டினர். அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டினை வெளியிட்டது. ஆர்கனுக்குத் தனிச் சிறப்பளித்த அவ்வேடு, தகுதியுடைய பிற இசைக்கருவிகளும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு ஆலயத்தில் இடம்பெறலாம் என வழிவிட்டது. கிதாரின் பெயர் அதில் இல்லை. எனினும் திறந்த அவ்வாயில் வழியே நம் பங்குகளுக்குள் வந்தவற்றுள் கிதாரும் ஒன்று. கேசட்டும் பின்தங்கவில்லை. 1977இல் திருச்சியில் தோன்றிய கலைக்காவிரியின் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டே புதுப்பாடல் கற்ற பாடகர் குழுக்கள் பல.

கேசட்டின் இடத்தை இன்று நினைவு அட்டை கொண்ட சிறு ரெக்கார்டரும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டன. பழனி மலைத்தொடரில் வாழும் நம் இளைஞர்க்கு அச்சிறு கருவி வெறும் விளையாட்டுப் பொருளன்று. ஆசிரியரோடு அவர்களை இணைக்கும் பாலம் எனலாம். 1901இல் தொடங்கப்பெற்ற கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியில் பயில்வோர்க்கு இசை ஆசிரியர்கள் அருகிலேயே உள்ளனர். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ கிதார் ஏந்தும் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு எங்கே? மதுரைக்குப் போக வேண்டுமெனில் கோடையிலிருந்தே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவும் சென்னைக்குச் சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் அமர்ந்த பின்னரே மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்விலும் தேறினார். எல்லாப் பிள்ளைகளாலும் ஊரை விட்டுப் போக இயலுமா? எனவே பயிற்சியைப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்பி, அவர் சொல்லும் திருத்தத்தைக் கேட்டு மீண்டும் வாசிப்பதே இவர்களுக்கு அமைந்த வழி.

இவ்வழியில் முதலில் எழும் குறை ஒன்றே: "பதிவு கேட்கவே இல்லை." விரலால் மீட்டும் கிதார் இயல்பிலேயே மெல்லொலி உடையது. கருவியை மூலையிலுள்ள மேசைமேல் வைத்துவிட்டு மறுமூலையில் அமர்ந்து வாசித்தால், இசையைவிட அறையே மிகுதியாகப் பதியும். கிதாரின் கழுத்து உடலோடு சேருமிடத்திற்கு நேரே, ஒரு முழத் தொலைவில் ரெக்கார்டரை வைத்தல் நன்று. ஒலித்துளைக்கு நேரே வைப்பின் தடித்த தந்திகள் குடத்துள் பேசுவதுபோல் முழங்கும். கருவிக்கு அடியில் மடித்த துண்டொன்றை இட்டால், மேசையில் விழும் தட்டலும் காலால் தாளம் போடும் அதிர்வும் பதிவில் ஏறா.

பதிவின் அளவைக் காட்டும் குறி உச்சத் தட்டலின்போதும் சுழிக்குக் கீழே 6 முதல் 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு திருகினை அமைத்தல் வேண்டும். சுழியைத் தொட்டால் அலையின் தலை சீவப்படும். சீவப்பட்டதை எந்த மென்பொருளாலும் உள்ளபடியே மீட்டுத் தர இயலாது. அதற்கு அஞ்சி மிகத் தாழ்வாகப் பதிவதும் தவறே. 16 பிட் பதிவில் ஒலியின் அளவை எழுத 65,536 படிகள் உண்டு. உச்சத்திற்கு 36 டெசிபெல் கீழே பதிந்தால், அவற்றுள் 1,024 படிகளே பயன்படும். 24 பிட் பதிவிலோ படிகள் 1 கோடியே 67 லட்சத்திற்கும் மேல். ஆதலின் ரெக்கார்டரில் அவ்வசதி இருப்பின் அதையே தெரிந்துகொள்வது நலம். ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி வசதியைத் தயங்காது நிறுத்திவிடலாம். பேச்சுக்கு அது நல்ல பணியாள், இசைக்கு அன்று. மெல்ல வாசித்ததும் வேகமாய் அடித்ததும் ஒரே அளவாகிவிடுமாயின், விரலின் அழுத்தத்தை ஆசிரியர் எவ்வாறு அளப்பார்?

இத்தனைக்குப் பின்னும் தாழ்வாய்ப் பதிந்ததைக் கணினியில் உயர்த்தலாம். இதற்குப் பலரும் பயன்படுத்தும் ஆடாசிட்டி மென்பொருள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றி, 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைப்பது. ஒலியை 6 டெசிபெல் உயர்த்தினால் அலையின் உயரம் ஏறத்தாழ இரு மடங்காகும்; 20 உயர்த்தினால் பத்து மடங்கு. எவ்வளவு உயர்த்தலாம் என்பதை மென்பொருள் தானே கணக்கிடும். பதிவிலுள்ள மிக உயர்ந்த அலை சுழியைத் தொடும்வரை அது இடந்தரும். சிக்கல் எழுவதும் இங்கேதான். வாசித்து முடித்த களிப்பில் கிதாரை நாற்காலியில் இடித்த ஓசையோ, தங்கையின் ஒற்றைத் தும்மலோ அவ்வுயர்ந்த அலையாக இருந்துவிட்டால், மூன்று டெசிபெலுக்கு மேல் போகாதே என்று கணினி கையை விரித்துவிடும். மென்பொருள் பழுது என எண்ணி மனஞ்சலிப்போர் உண்டு. அலைக்கோட்டைக் கண்ணால் நோக்கி, ஊசிபோல் எழுந்து நிற்கும் அவ்விடத்தை மட்டும் தெரிவு செய்து தாழ்த்திவிட்டு, பிறகு முழுப் பதிவையும் உயர்த்துக. பத்து, பதினைந்து டெசிபெல் இடம் உடனே கிடைக்கக் காணலாம்.

ஆயினும் பயிருக்குப் பாய்ச்சும் நீர் களைக்கும் பாய்வதுபோல், இசையோடு இரைச்சலும் உயரும். நம் மலையில் இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. அக்டோபர், நவம்பர் மழை தகரக் கூரைமேல் பொரிந்து கொட்டும்போது பதிவையே ஒத்திவைப்பது அறிவுடைமை. மழையோசை கிதாரின் ஒலி எல்லை முழுவதிலும் பரவிக் கலப்பதால் அதைப் பிரித்தெடுத்தல் அரிது. காற்று அவ்வாறன்று. மைக்கில் மோதும் காற்றின் உறுமல் பெரும்பாலும் மிகத் தாழ்ந்த அதிர்வுகளில் நிகழ்வது. கிதாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. எனவே 70க்குக் கீழுள்ளவற்றை வடிகட்டி நீக்கினால் இசைக்கு இழப்பில்லை. மின்சாரத்தின் ரீங்காரம் இன்னொரு வகை. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆனால் அதன் மடங்குகளான 100, 150 ஆகியன கிதாரின் சொந்த எல்லைக்குள் வந்து அமர்ந்துகொள்வதால் அவற்றை அறுக்கப் போனால் இசையும் அறுபடும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவதே எளிது. பேட்டரி குளிரில் சோர்வடையும் என்பதால் மார்கழி, தை மாதங்களில் மாற்று பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையின் வெம்மையில் வைத்திருப்பது நல்லது.

சீரான மெல்லிரைச்சலை மட்டும் அகற்ற வேறொரு வழியுண்டு. வாசிக்கத் தொடங்குமுன் ஐந்து நொடி அசையாதிருந்து அறையின் அமைதியைப் பதிந்துகொள்ள வேண்டும். அவ்வமைதியை மாதிரியாகக் கொண்டு மென்பொருள் பதிவு முழுவதிலும் அதைக் கழித்துவிடும். அளவு மிஞ்சினால் தந்தியின் ஒலி நீருக்குள் கேட்பதுபோல் குழைந்துவிடும். சிறிது இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். சோலைக்குள்ளிருந்து பழனிச் சிரிப்பான் பறவை இடையே குரல் கொடுத்தால், அதையும் நீக்கப் போராடும் இளைஞரை நாம் புரிந்துகொள்ள இயலவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத பறவையன்றோ அது!

இனி வெட்டுதலும் ஒட்டுதலும். முன்னும் பின்னுமுள்ள வெற்றிடத்தை வெட்டுக. நடுவே கதவு தட்டிய நேரத்தை வெட்டுக. வெட்டும் முனையில் ஒலியை மெல்லத் தேயவிட்டால் 'டிக்' என்ற ஓசை எழாது. ஆனால் பிழையாக வாசித்த நான்கு அடிகளை நீக்கி, வேறொரு நாள் நன்றாக வந்த நான்கு அடிகளை அங்கே பொருத்துவது இன்று மிக எளிதாகிவிட்டது. திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்தில் இது நாள்தோறும் நடப்பது, குற்றமன்று. பயிற்சிப் பதிவில் அவ்வாறு செய்தால், அந்த நான்கு அடிகள் கைவந்துவிட்டதாக ஆசிரியர் நம்பி அடுத்த பாடத்திற்குப் போய்விடுவார். கோடைக்கானல் சலேத் அன்னை ஆலயத்தில் ஆகஸ்டு 14, 15 நாள்களில் பெருவிழா. திரளான மக்கள்முன் வருகைப்பாடல் தொடங்கும்போது, அதே நான்கு அடிகளில் விரல் தடுமாறும். அங்கே அருகில் நின்று பாடும் முப்பது பேரும் சேர்ந்து தடுமாறுவர்.

மூலப் பதிவைத் தனியே காத்தலும் வேண்டும். கோடை வானாய்வுக் கூடத்தார் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை அண்மைக் காலத்தில் கணினிக்கு மாற்றினர். ஆய்வுக்கெனத் திருத்திய படிகள் பல உருவாயினும் பழைய படத்தகடுகளை அவர்கள் எறிந்துவிடவில்லை. நாமும் மூலத்தை நாளிட்டு ஓரிடத்தில் வைத்து, படியொன்றில் மட்டும் கைவைக்கலாம். சுருக்காத வேவ் கோப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் கொள்ளும். எம்பி3 கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தேயும். ஆகவே வேலை எல்லாம் முடிந்தபின், ஆசிரியருக்கு அனுப்பும் படியை மட்டும் எம்பி3 ஆக்குக.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த கருவி கேட்டுப் பிள்ளை நச்சரித்தால் உடனே பணத்தை எடுக்க வேண்டா. கைப்பேசியில் பதிந்து, நல்ல ஹெட்போன் ஒன்றில் கேட்பதே முதலாண்டுக்குப் போதுமானது. பணம் செலவிடத்தான் வேண்டுமெனில் புதுத் தந்திகளுக்குச் செலவிடுக. மலை ஈரத்தில் எஃகுத் தந்தி விரைவில் துருவேறி மங்கும். மங்கிய தந்தியின் ஒலியை எத்தனை டெசிபெல் உயர்த்தினும் அது தெளிவதில்லை. குளிர்ந்த ஆலயத்திற்குள் நுழைந்ததும் அதே தந்தி சற்றே சுருங்கிச் சுருதி ஏறும். கால் மணி நேரம் முன்னரே கிதாரை உறையினின்று எடுத்து வைத்துவிட்டு, பூசை தொடங்குமுன் மீண்டும் ஒருமுறை சுருதி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.