தேசெயுஸ் தொன்மமும் பெயர்ப்பொருளும்

கிரேக்கத் தொன்மங்களில் ஏதென்ஸ் நகரின் வீர மன்னனாகப் போற்றப்படுபவன் தேசெயுஸ். ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றித் 'தீசியஸ்' என எழுதுவதும் உண்டு. கிரேக்க மூலத்தில் முதல் உயிரொலி ஏகாரமாகும். எனினும் சிக்கல் ஒலியோடு முடிவதில்லை. இத்தொன்மத்தில் வரும் பெயர்கள் பலவும் பொருளுடையவை; நிகழ்ச்சிகள் அப்பொருளைச் சார்ந்தே அமைகின்றன. ஒலியை மட்டும் பெயர்த்தால் கதையின் ஒரு பகுதி விடுபட்டுப்போகும்.

இம்மன்னனின் வாழ்வை விரிவாகத் தருவது புளூட்டார்க் எழுதிய வரலாறாகும். அதன்படி, ஏதென்ஸ் மன்னன் ஐகெயுஸ், துரோய்சேன் நகரில் ஒரு பாறையின் அடியில் வாளையும் காலணிகளையும் வைத்துச் செல்கிறான். வளர்ந்த மகன் பாறையைப் புரட்டி அவற்றை எடுத்துக்கொண்டு தந்தையை நாடிப் புறப்படுகிறான். அடையாளப் பொருள்கள் வைக்கப்பட்டமையால் தேசெயுஸ் என்னும் பெயர் அமைந்தது என்பது ஒரு விளக்கம்; தந்தை அவனை மகனாக ஏற்றமையால் அமைந்தது என்பது மற்றொன்று. கிரேக்கத்தில் இவ்விரண்டும் ஒரே வினையின் வடிவங்கள். தமிழில் 'வைத்தல்', 'ஏற்றல்' என அவை பிரிந்துவிடுவதால் உறவு மறைகிறது.

ஏதென்ஸ் செல்லும் வழியில் அவன் கொடியோர் பலரை வெல்கிறான். சினிஸ் என்பான் 'பைன் மரம் வளைப்போன்' என்னும் அடைமொழி பெற்றவன். வளைத்த மரங்களைக் கொண்டு வழிப்போக்கரைக் கொன்றவன். புரோக்குருஸ்தேஸ் என்பதன் பொருள் 'அடித்து நீட்டுவோன்'. தன் கட்டிலின் அளவுக்கு விருந்தினரின் உடலை அவன் நீட்டினான். ஒவ்வொருவனும் தான் செய்த முறையிலேயே கொல்லப்படுகிறான். பெயரே குற்றத்தையும் தண்டனையையும் உணர்த்துகிறது.

கிரேட் தீவில் மினோத்தவுர், அதாவது 'மினோசின் காளை', லபிரிந்தோஸ் என்னும் சிக்கல் மனையில் அடைபட்டிருந்தது. இச்சொல்லின் 'ந்த்' ஈறு கொரிந்தோஸ் முதலிய இடப்பெயர்களிலும் காணப்படுவது. கிரேக்கத்துக்கு முற்பட்ட மொழியின் எச்சம் என்பர். காளையைக் கொன்ற தேசெயுஸ், அரியத்னே தந்த நூலுருண்டையைப் பற்றி வெளியேறினான். நூலுருண்டையைக் குறித்த ஆங்கிலச் சொல்லே பின்னர்த் 'துப்பு' என்னும் பொருளைப் பெற்றது.

வெற்றியுடன் திரும்பும்போது வெண்பாய் ஏற்ற மறந்தான். கரும்பாயைக் கண்ட ஐகெயுஸ் மகன் இறந்தான் எனக் கருதி உயிர்நீத்தான். அவன் கடலில் வீழ்ந்தமையால் அக்கடல் அவன் பெயர் பெற்றது என்பது மரபு. மன்னனை 'ஐகெயுஸ்' என்றும் கடலை 'ஏஜியன்' என்றும் எழுதினால் இக்காரணக்கதையே பொருளற்றுப்போகிறது.

அரசனான பின் அட்டிகாவின் சிற்றூர்களை ஒரே அரசாக இணைத்தவன் தேசெயுஸ் எனத் துசிடிடிசும் குறிப்பிடுகிறார். இதற்குரிய கிரேக்கச் சொல் 'சினோய்கிஸ்மோஸ்'. 'சேர்ந்து குடியமர்த்தல்' என்பது அதன் பொருள். இறுதியில் ஏதென்சை விட்டு நீங்கிய அவன் ஸ்கிரோஸ் தீவில் மாண்டான். அவனுடையவை எனப்பட்ட எலும்புகளைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கீமோன் ஏதென்சுக்குக் கொணர்ந்தான்.

எனவே தொன்மங்களைப் பெயர்ப்போர் இரண்டைக் கருத வேண்டும். ஒரு நூலுள் பெயர்கள் அனைத்தையும் ஒரே மூலமொழியின் ஒலிப்படி எழுதுதல் ஒன்று. நிகழ்ச்சிக்குக் காரணமாகும் பெயருக்கு அது முதலில் வரும் இடத்திலேயே பொருள் தருதல் மற்றொன்று.